1511 ஆகஸ்ட்: ரோமிலும் மலாக்காவிலும்

மலாக்காவின் புறநகரான செங்கிலிருந்து கொஞ்ச தூரம் போனால் நகரின் பழைய கோட்டை வாசல். அதன் செம்பூரான்கல்லைத் தொட்டால் சொரசொரவென்று குழிகள் விரலில் இடறும். சுல்தான்களின் கல்லறைகளையும் மசூதிகளையும் இடித்த கற்களைக் கொண்டும் போர்த்துகீசியர் எழுப்பிய கோட்டை அது.

1511 ஆகஸ்டில் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே இந்த நகரைப் பிடித்தார். அதே ஆகஸ்டில்தான் ரோமில், சிஸ்டைன் ஆலய விதானத்தில் மைக்கலாஞ்சலோ வரைந்து முடித்திருந்த பகுதியை மக்கள் முதன்முதலில் அண்ணாந்து பார்த்தார்கள். பக்கத்திலேயே ரஃபேல் 'ஏதென்ஸ் பள்ளி' சுவரோவியத்தை முடித்துக்கொண்டிருந்தார். அதன் படிக்கட்டில் ஒருவர் தனியாக, பளிங்குக் கட்டையில் முழங்கை ஊன்றி, கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருக்கிறார். அந்த விதானத்தைப் பார்த்த வியப்பில் மைக்கலாஞ்சலோவின் சாயலிலேயே ரஃபேல் அவரைப் பிற்பாடு சேர்த்தார் என்பது கலை வரலாற்றாளர் பலரின் கருத்து. போட்டியாளனுக்கு இதைவிட அழகான வணக்கம் உண்டா?

ஜெர்மனியில் ஓவியர் டியூரர் அவ்வாண்டு தம் பெரிய மரச்செதுக்குப் படநூல்களை வெளியிட்டார்.

மலாக்காவிலோ, சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு உதவிய தமிழ் வணிகர் நைனா சத்து, வெற்றிக்குப் பின் பெண்டஹாரா எனும் உயர் நிர்வாகப் பதவி பெற்றார். 1514இல் பதவி பறிபோனதும் தீயில் இறங்கி உயிர்விட்டார் என்கின்றன போர்த்துகீசியப் பதிவுகள்.

இங்கிருந்த கலை என்னவாயிற்று? சுல்தானின் சிங்கச் சிலைகளைத் தம் கல்லறைக்கென்று அல்புகெர்க்கே எடுத்துக்கொண்டார். கொள்ளைப் பொருளோடு கிளம்பிய அவருடைய 'ஃபுளோர் டோ மார்' கப்பல் சுமத்ரா அருகே புயலில் உடைந்தது. அவர் தப்பினார், சிங்கங்கள் கடலோடு போயின.