மாவுக்கட்டுக்குள் ஒரு பிள்ளை: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் எங்கள் வீட்டுக் கதை

மூன்று மாதமாகப் பதிவு எதுவும் இல்லையே, டீச்சருக்கு உடம்புக்கு என்ன என்று பழைய மாணவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. பேத்திக்கு மார்புக்குக் கீழே தொடங்கி கால்வரை மாவுக்கட்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையின் இரண்டாம் பகுதி அப்படியே நிற்கிறது. இப்போது கட்டைப் பிரித்தாகிவிட்டது. ராத்திரி கண்விழித்த நேரங்களில் படித்ததை முதலில் எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்தது நானும் இல்லை, என் மகளும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒருத்தி, தினமும் காலையில் வேனில் பட்டாசு ஆலைக்குப் போகிறவள், வேனுக்குக் காத்து நிற்கும்போது சொன்னாள்: "டீச்சரம்மா, பிள்ளை இடது காலைத் தாங்கித் தாங்கி வைக்குதே, பாத்தீங்களா?" நடை பழகுகிற பிள்ளை அப்படித்தான் நடக்கும் என்று நான் பதில் சொன்னேன். பிரசவம் பார்த்த இடத்திலும் ஒரு கால் மடிப்பு வேறு மாதிரி இருக்கிறதே என்று மகள் கேட்டதற்கு, வளர வளரச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளை தலைமாறிப் பிறந்தவள், பெண் குழந்தை, தலைச்சன், இடது கால். இந்த நாலும் சேர்ந்தால் இடுப்பு மூட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது எந்தக் குழந்தை மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது பதினாறாம் மாதத்தில். தொடை எலும்பின் தலை, இடுப்பெலும்பில் அதற்கான குழிக்குள் இல்லாமல் வெளியே மேலேறி நின்றது. மதுரையில் மயக்கம் கொடுத்து, உள்ளே திருப்பி உட்காரவைத்து, நகராமல் இருக்க மாவுக்கட்டு போட்டார்கள். இரண்டு காலும் தவளை மாதிரி மடங்கி விரிந்திருக்கும்; நடுவில் மலஜலத்துக்கு மட்டும் ஒரு திறப்பு. பன்னிரண்டு வாரம். சித்திரை முதல் வாரம் அது. ஆனைக்குட்டத்துச் சித்திரை வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டுக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் ஸ்பைகா. லத்தீனில் கோதுமைக் கதிர் என்று அர்த்தம். இடுப்பையும் தொடையையும் சுற்றி மாறிமாறிக் கட்டும்போது துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கதிரில் மணி அடுக்கினது போல் தெரியும். வானத்தில் ஸ்பைகா என்றே ஒரு நட்சத்திரம் உண்டு. அது வேறொன்றுமில்லை, நம் சித்திரை நட்சத்திரம்தான். சித்திரையில் சித்திரையைக் கட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். மகளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

எலும்பை அசையாமல் வைக்க எதையாவது பூசி இறுகவிடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். நம் ஊர்க் கட்டு வைத்தியர்கள் உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். சிறுவயதில் எனக்கே கையில் கட்டியிருக்கிறார்கள். அந்த வாடை இன்னும் நினைவிருக்கிறது. இதை நாட்டு வைத்தியம் என்று கேலி செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி: நெப்போலியனின் படை மருத்துவர் லாரே கட்டுத் துணியை நனைக்கச் செய்த கலவையிலும் முட்டை வெள்ளைக்கரு உண்டு. பெல்ஜியத்தில் சூட்டான் என்பவர் 1830களில் கஞ்சிப்பசை போட்டுக் கட்டினார். நம் வீட்டில் வேட்டிக்குப் போடுகிற கஞ்சிதான். காய ஒன்றிரண்டு நாளாகும், அதுவரை எலும்பு நகரும். அதுதான் அதில் இருந்த குறை.

ஜிப்சத்தை அரபு நாட்டவர் அதற்கு முன்பே பயன்படுத்தினார்கள். 1798ல் பஸ்ராவில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ஈட்டன், முறிந்த காலைச் சுற்றி ஜிப்சக் கூழை ஊற்றி இறுகவிடும் முறையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அது கல் மாதிரிக் கனம். அதை லேசாக்கியவர் ஹாலந்து ராணுவ மருத்துவர் மதைசன். 1851ல், காய்ந்த ஜிப்ச மாவைத் துணியில் தேய்த்துச் சுருட்டி வைத்து, வேண்டும்போது தண்ணீரில் நனைத்துச் சுற்றினால் சில நிமிடத்தில் இறுகும் என்று கண்டார். அடுத்த வருஷம் அச்சில் வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் ரஷ்யாவின் பிரகோவும் ஒரு சிற்பி ஜிப்சத்தில் வேலை செய்வதைப் பார்த்து இதே யோசனைக்கு வந்து, கிரிமியப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டினார்.

இங்கே எனக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. 36 வருஷம் நான் கையில் பிடித்த சாக்பீஸும் இந்த மாவுக்கட்டும் ஒரே சரக்கு. ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் வறுத்தால் அதிலுள்ள தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். அந்த மாவில் மறுபடி தண்ணீர் சேர்த்தால், விட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டு கல்லாக இறுகும். இறுகும்போது சூடு வரும். பாரிஸ் நகரத்து மோன்மார்த்ரு மேட்டில் நிறையக் கிடைத்ததால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று பெயர். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமும் ஜிப்சம் தோண்டி எடுக்கிறார்கள்.

குழந்தை இடுப்புக்கு இதைக் கொண்டுவந்து பெயர் வாங்கியவர் வியன்னாவின் அடால்ஃப் லோரன்ஸ். கிருமிநாசினியாக அந்தக் காலத்தில் உபயோகித்த கார்பாலிக் அமிலம் அவர் கைத்தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அறுவை மருத்துவரால் கத்தியைத் தொட முடியாத நிலை. அதனால் கத்தியில்லாத வைத்தியத்துக்குப் போனார்: மயக்கத்தில் காலை இழுத்துத் திருப்பி மூட்டை உள்ளே தள்ளி, மாதக்கணக்கில் மாவுக்கட்டு. 1902ல் சிகாகோவின் இறைச்சி வியாபாரி ஆர்மர் என்ற பெரும் பணக்காரர், தன் மகள் லோலிட்டாவுக்காக இவரைக் கப்பலேற்றி வரவழைத்தார். செய்தித்தாள்களில் அவர் வருகையே பெரிய செய்தி. அந்தப் பயணத்தில் ஏழைப் பிள்ளைகள் பலருக்கும் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். (1973ல் நோபல் பரிசு வாங்கிய, வாத்துக் குஞ்சுகள் பின்னால் நடந்துபோகும் படத்தில் பார்த்திருப்பீர்களே, அந்தக் கான்ராட் லோரன்ஸ் இவருடைய மகன்.)

ஆனால் லோரன்ஸ் கட்டுக்கு ஒரு விலை இருந்தது. காலை அளவுக்கு மீறி விரித்துக் கட்டியதால், எலும்புத் தலைக்குப் போகும் ரத்தம் நின்று அது பட்டுப்போன பிள்ளைகள் அநேகம். இதைப் பார்த்து மனம் பொறுக்காமல், செக் நாட்டு மருத்துவர் பாவ்லிக் 1940களில் தோல்வார் பட்டை ஒன்றைச் செய்தார். பிள்ளை காலை உதைக்கலாம், ஆனால் மூட்டு விலகாது. பிறந்த சில மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் அந்தப் பட்டையே போதும். எங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. டொரொண்டோவின் சால்டர், கட்டுப் போடும்போதும் காலை இயல்பாக எவ்வளவு விரியுமோ அவ்வளவே விரிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். என் பேத்தி கட்டைப் பார்த்து இன்னும் கொஞ்சம் விரித்திருக்கலாமோ என்று நான் மேதாவித்தனமாகக் கேட்டபோது, அந்த இளம் டாக்டர் பொறுமையாக இதைத்தான் சொன்னார்.

இத்தனை பெயர்களையும் படித்து முடித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. வியன்னாவிலும் சிகாகோவிலும் அந்தப் பிள்ளைகள் எங்கே, எப்படி மலஜலம் கழித்தார்கள்? யார் துடைத்தார்கள்? மாவுக்கட்டு நனைந்தால் இளகும், நாறும், உள்ளே தோல் வெந்து புண்ணாகும். லோரன்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை. தாதிகளுக்கான பழைய பாடப்புத்தகங்களில்தான் இருக்கிறது. திறப்பைச் சுற்றி மாவுக்கட்டின் விளிம்பில் அரக்கு வார்னிஷ் பூசுவார்களாம், நீர் ஊறாமல் இருக்க. மெழுகுத்துணி செருகுவார்களாம். பாஸ்டனில் பிராட்ஃபோர்டு என்ற எலும்பு மருத்துவர் இரும்புக் குழாயில் ஒரு சட்டம் செய்து, அதில் கித்தான் துணியை இரண்டு துண்டாக இழுத்துக் கட்டினார். நடுவில் பிள்ளையின் பிட்டத்துக்கு நேராக இடைவெளி, கீழே பாத்திரம். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்திவைத்தால் நீர் பின்பக்கமாக ஓடாமல் கீழே வடியும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இரண்டாவது வாரமே நாங்கள் அதைச் செய்திருந்தோம். மெத்தையில் போட்டால் முதுகெல்லாம் வேர்வை. வீட்டில் கிடந்த பழைய நாடாக் கட்டிலில் நடுவே இரண்டு நாடாவை உருவிவிட்டு, தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆளுக்கொரு செங்கல் வைத்தோம். கீழிருந்தும் காற்று வந்தது. கரண்ட் போனால் பனையோலை விசிறி. நூறு வருஷத்துக்கு முந்தைய பாஸ்டன் ஆஸ்பத்திரியும் எங்கள் திண்ணையும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

காகித டயப்பர் அமெரிக்காவில் பரவலானதே 1960களில்தான். அதற்கு முன் பெரும்பாலும் துணி. இப்போதைய முறை, எங்களுக்கு வார்டில் இருந்த நர்ஸம்மா கற்றுத்தந்தது: சின்ன அளவு டயப்பரின் இறக்கைகளை வெட்டிவிட்டு, திறப்பின் விளிம்புக்கு உள்ளே முன்னும் பின்னும் செருக வேண்டும். அதன்மேல் கட்டையும் சேர்த்து மூடுகிற மாதிரிப் பெரிய அளவு ஒன்று. பகலில் இரண்டு மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். மலம் போனால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். விளிம்பு முழுக்க, பூவிதழ் மாதிரிச் சின்னச் சின்னத் துண்டாக நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டினோம். பவுடர் கூடாது, எண்ணெய் கூடாது. பவுடர் வேர்வையில் கட்டியாகி உள்ளே உறுத்தும். இதை எங்கள் சம்பந்தியம்மாவுக்குப் புரியவைக்கத்தான் அதிகப் பாடுபட்டேன். குளிப்பாட்டாமல் எண்ணெய் தேய்க்காமல் பிள்ளை வளருமா என்பது அவர் கேள்வி. ஈரத்துணியால் முகம், கழுத்து, கை, விரல்களைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றினோம்.

சாப்பாட்டில் பருக்கை கட்டுக்குள் விழுந்தால் நான்காம் நாள் நாறும். கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டி ஊட்டினோம். வயிறும் கட்டுக்குள் இருப்பதால் ஒரே நேரத்தில் நிறையக் கொடுத்தால் மூச்சு முட்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை. அரிக்கிறது என்று அழுதால் பென்சில், ஊக்கு எதையும் விடக்கூடாது, விசிறியால் காற்று மட்டும். இரண்டு மணிக்கொரு தரம் குப்புற, மல்லாக்க மாற்றிப் போட வேண்டும். தூக்கும்போது காலுக்கு நடுவிலுள்ள குச்சியைப் பிடித்துத் தூக்கக்கூடாது; அது கைப்பிடி இல்லை. கால் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, வீங்கினாலோ, காய்ச்சலோடு கெட்ட வாடை வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓட வேண்டும். ஒரு ராத்திரி விரல்கள் வீங்கின மாதிரித் தெரிந்து இரண்டு மணிக்கு வண்டி பிடித்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். திட்டவில்லை, வந்தது நல்லது என்றார்கள்.

ஆறாம் வாரம் கட்டு மாற்ற மதுரைக்குப் போனபோது வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். பிள்ளையைப் பார்த்த ஒரு பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "வெடியா தாயீ?" நம் பக்கத்தில் கட்டுப் போட்ட பிள்ளையைப் பார்த்தால் வேறென்ன தோன்றும். இல்லை ஐயா, பிறவியிலேயே என்றேன். அவர் அதற்கு நிம்மதியாக மூச்சு விட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

கட்டாயம் எழுத வேண்டிய பெயர் இன்னொன்று, இத்தாலியின் ஃபெராரா ஊர்க் குழந்தை மருத்துவர் ஒர்த்தோலானி. 1930களில் ஒரு தாய் ஐந்து மாதப் பிள்ளையைக் கொண்டுவந்து, துணி மாற்றிக் கழுவிவிடும்போது இடுப்பில் 'டக்'கென்று ஏதோ ஆகிறது என்றாள். அவர் அதை அலட்சியம் செய்யாமல் தானும் காலை விரித்துப் பார்த்தார், கையில் உணர்ந்தார். விலகிய எலும்பு குழிக்குள் விழுகிற உணர்வு அது. இன்றும் பிறந்த பிள்ளைகளுக்குச் செய்கிற சோதனைக்கு அவர் பெயர்தான். அந்தத் தாயின் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் மகள் கேட்ட கேள்விக்கு அந்த மாதிரி ஒரு காது கிடைத்திருந்தால், தோல்வார் பட்டையோடு போயிருக்கும்.

ஜப்பானில் பிறந்த பிள்ளையின் காலை நீட்டி இறுகச் சுற்றும் வழக்கம் இருந்தது. 1975 வாக்கில் அப்படிச் சுற்றாதீர்கள் என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். அதன்பின் இந்த நோய் பல மடங்கு குறைந்தது. நாம் பிள்ளையை இடுப்பில் காலை அகட்டி வைத்துத் தூக்குவது மூட்டுக்கு நல்லது என்கிறார்கள். காலிரண்டையும் சேர்த்து இழுத்து நீவுவதும், நேராக நீட்டிக் கட்டிவைப்பதும் நல்லதல்ல. இந்த இரண்டும் நம் வீடுகளில் ஒன்றாகவே நடக்கின்றன.

ஆனி கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். ரம்பம் சத்தத்துக்குப் பிள்ளை வீறிட்டாள். அது சுழலாது, அதிரத்தான் செய்யும், தோலை வெட்டாது. அமெரிக்க டாக்டர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் 1940களில் செய்தது. உள்ளே தோல் செதில் செதிலாக இருந்தது. தேய்த்து எடுக்காமல் வெந்நீரில் ஊறவைத்தே போகவிட்டோம். புண் ஒன்றுகூட இல்லை. நர்ஸம்மா மகளின் தோளைத் தட்டி, "நல்லாப் பாத்துருக்க தாயி" என்றார். மகள் அப்போதுதான் அழுதாள்.

இப்போது ராத்திரிக்கு மட்டும் பட்டை. நேற்று அதே நாடாக் கட்டிலின் காலைப் பிடித்து எழுந்து நின்று, "ஆச்சி" என்று கூப்பிட்டாள். அடுத்த எக்ஸ்ரே ஆவணியில். யார் வீட்டிலாவது பிள்ளைக்கு இப்படிக் கட்டுப் போட்டிருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், கட்டிலில் எந்த நாடாவை உருவ வேண்டும் என்று படம் அனுப்புகிறேன்.