வெப்பப் பதனிட்ட மரம்: உழைப்பும் பராமரிப்பும்

ரசாயனம் எதையும் ஏற்றாமல், சூட்டையும் நீராவியையும் கொண்டே இயல்பு மாற்றப்படும் மரம் இது. பலகைகளை உலையில் அடுக்கி 180 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றுவார்கள். உள்ளே நிரம்பும் நீராவி ஆக்சிஜனைத் தள்ளிவிடுவதால் மரம் தீப்பற்றாது. நடுப்பகுதி வரை பழுப்பேறி வெளிவரும்.

அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஸ்டாம் 1940களிலேயே உருகிய உலோகத்துக்கடியில் மரத்தைச் சூடாக்கிச் சோதித்தார். அதைத் தொழிலாக வளர்த்தது பின்லாந்து. பைனும் ஸ்ப்ரூசும் அங்கே காடு காடாக வளர்கின்றன. ஆனால் மழையில் கிடந்தால் சீக்கிரம் மக்கிவிடும். 1990களில் அந்நாட்டின் விடிடி ஆய்வு நிறுவனம் இதற்கென உருவாக்கிய முறைதான் ‘தெர்மோவுட்’.

மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் இறுகிக்கொள்வதை அறியாதவர் இல்லை. மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதற்கு முக்கியக் காரணம். கடும் சூட்டில் அது சிதைந்து, அசெட்டிக் அமிலம் வெளியேறுகிறது. புதுப் பலகையில் லேசான புகைவாசம் வீசும். பதனிட்டபின் மரம் ஏற்கும் ஈரம் ஏறக்குறையப் பாதியாகிறது. உப்பலும் சுருக்கமும் குறைகின்றன. பூஞ்சைக்குப் போதிய ஈரமும் இல்லை, எளிதில் செரிக்கும் தீனியும் இல்லை.

தெர்மோவுட் முறையில் ஊசியிலை மரங்களை 190 டிகிரியில் பதனிட்டால் ‘எஸ்’ தரம். 212 டிகிரியில் ‘டி’ தரம். மக்காமல் தாங்கும் திறனை ஐரோப்பியத் தர வரிசை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. வைரம் பாயாத வெள்ளைப் பகுதிக்கு அதில் கடைசி இடம். ‘டி’ தரப் பைனோ இரண்டாம் வகுப்பில் நிற்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சூடு ஏற ஏற மரம் வலுவிழந்து நொறுங்கும் தன்மை கொள்கிறது. ஆகவே சுவர்ப்பலகை, தளம், சவுனா எனும் வெப்பக் குளியலறையின் இருக்கை போன்றவற்றுக்கு இது ஏற்றது. பாரம் தாங்கும் உத்தரத்துக்கு வேண்டாம். மண்ணில் நடவும் கூடாது. கரையானை இது தடுக்கும் என்று நம்புவது அதைவிடப் பெரிய தவறு. வெப்ப நாடுகளில் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே கரையானைப் பற்றித்தான்.

பொருத்தும்போதே பராமரிப்பு தொடங்கிவிடுகிறது. மரத்தில் தங்கிய அமிலம் சாதாரண இரும்பை அரித்துக் கறை படியவைக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளே சரி. ஓரங்களில் முன்கூட்டியே துளையிடாவிட்டால் பலகை பிளக்கும். அறுத்த முனைகளில் எண்ணெய் தடவியாக வேண்டும். நீர் அங்கேதான் வேகமாக ஏறும்.

வெயிலுக்கும் இந்த மரம் தோற்றுப்போகிறது. மரநார்களைப் பிணைக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் சிதைக்க, பழுப்பு சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கி, பின் நரைத்துவிடும். அந்த நரை மக்கல் அல்ல. பிடித்தால் அப்படியே விடலாம். நிறம் நிலைக்க நிறமி கலந்த எண்ணெய் பூச வேண்டும். நிறமியில்லாத எண்ணெய் வெயிலை மறிக்காது. மேற்பரப்பில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கலாம்: முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது, உடனே உறிஞ்சப்பட்டால் மறுபூச்சுக்கு நேரமாகிவிட்டது. தளப்பலகை இடுக்குகளில் சேரும் சருகை அவ்வப்போது வாரிவிட்டு, மென்மையான பிரஷும் சோப்புநீரும் கொண்டு கழுவினால் பாசி பிடிக்காது.

நரைத்த பலகையை மெல்ல இழைத்தால் உள்ளிருந்து அதே பழுப்பு மீண்டும் எழும். பதனம் ஆழம் வரை இறங்கியிருக்கிறது. இழைத்த அன்றே எண்ணெய் பூசிவிடுவது நல்லது.