ஒரே பீட்டில், இரண்டு நிறம்: ஒரு டெயில் லைட் கண்ணாடியின் வரலாறு

இன்னைக்கு நாம பேசப்போறது கையளவு பிளாஸ்டிக் பத்தி. வோக்ஸ்வாகன் பீட்டில் காரோட பின்பக்க விளக்குக் கண்ணாடி.

1962 மாடல் பீட்டில் இரண்டை எடுத்துக்கோங்க. ஒன்று ஜெர்மனியில் விற்றது, இன்னொன்று அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. இரண்டுமே ஜெர்மனியில் செஞ்சவைதான். ஆனா ஜெர்மன் காரில் கண்ணாடியின் மேல்பாகம் ஆரஞ்சு, கீழ்பாகம் சிவப்பு. அமெரிக்கக் காரில் முழுக்கச் சிவப்பு. ஏன்?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1952 அக்டோபர் வரைக்கும் பீட்டிலுக்கு பிரேக் லைட் ஒண்ணே ஒண்ணுதான். நம்பர் பிளேட்டுக்கு மேல இருக்கும் விளக்குப் பெட்டியின் நடுவில் இருந்தது. அந்தப் பெட்டிக்கு ரசிகர்கள் வச்ச பேர் ‘போப்பாண்டவர் மூக்கு’. அப்புறம்தான் பிரேக் லைட் இரண்டு பக்க டெயில் லைட்டுக்கும் போச்சு. மேலே இதய வடிவத்தில் ஒரு சின்ன ஜன்னல். பிரேக் மிதிச்சா அந்த இதயம் ஒளிரும்!

அப்போ இண்டிகேட்டர்? ஐரோப்பாவில் 1960 வரைக்கும் கதவுக்குப் பின்னாடி இருக்கும் தூணிலிருந்து ரயில்வே கைகாட்டி மாதிரி ஒரு கை வெளியே நீளும். அமெரிக்காவுக்குப் போன கார்களில் 1955லேயே மின்னும் விளக்கு வந்துடுச்சு. அங்கே பிரேக்குக்கு எரியும் அதே சிவப்பு இழையையே இண்டிகேட்டருக்கும் மின்ன வைக்கிறது சகஜம். ஒயர் மிச்சம், பல்பு மிச்சம். ஐரோப்பிய நாடுகளோ திரும்புவதற்குத் தனி நிறம் வேணும்னு ஆரஞ்சு பக்கம் போனாங்க. 1962 மாடலில் இண்டிகேட்டருக்குத் தனி பல்பு வந்த பிறகும் அமெரிக்கக் கண்ணாடி சிவப்பாவே இருந்தது. 1960களின் கடைசியில் வந்த அமெரிக்கப் பாதுகாப்பு விதி எண் 108கூட பின்பக்க இண்டிகேட்டர் சிவப்போ ஆரஞ்சோ எதுவும் இருக்கலாம்னுதான் சொல்லுது. இன்னைக்கும் அப்படித்தான். 2009இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஆய்வு, ஆரஞ்சு இண்டிகேட்டர் உள்ள கார்கள் திரும்பும்போதும் ஓரங்கட்டும்போதும் பின்னாலிருந்து இடிபடுவது சுமார் 5 சதவீதம் குறைவுன்னு கண்டுபிடிச்சுது. என் கருத்து? சட்டத்துக்கு எது போதுமோ அது இல்ல, பின்னாடி வர்றவனுக்கு எது புரியுமோ அதுதான் சரி.

இப்போ உங்க கையில ஒரு பழைய கண்ணாடி இருக்குன்னு வைங்க. எந்தக் காலத்துது, எந்த நாட்டுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதன்மேலேயே எழுதியிருக்கும். சுத்தமாத் துடைச்சுட்டு சாய்வா வெளிச்சத்தில் பிடிங்க. ஒரு நெளிகோடும் பக்கத்தில் ‘கே’ எழுத்தோடு எண்ணும் இருந்தா, அது ஜெர்மானிய அனுமதி முத்திரை. வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் எண்ணும் இருந்தா, 1958 ஜெனீவா ஒப்பந்தத்தின் வழியில் வந்த ஐரோப்பிய முத்திரை: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி. ஆனா அது அனுமதி கொடுத்த நாடுதான், தயாரிச்ச நாடு இல்ல.

‘எஸ்.ஏ.இ.’ன்னு இருந்தா அமெரிக்கச் சந்தைக்கானது. அதுக்கு அடுத்து வரும் எழுத்துகள்தான் சுவாரசியம். ‘ஏ’ன்னா ரிஃப்ளெக்டர், ‘ஐ’ இண்டிகேட்டர், ‘எஸ்’ பிரேக், ‘டி’ டெயில், ‘ஆர்’ ரிவர்ஸ். கடைசியில் 62 மாதிரி இரண்டு இலக்கம் இருக்கும். நிறையப் பேர் அதை உற்பத்தி ஆண்டுன்னு நினைச்சுக்குவாங்க. இல்லைங்க, அது எஸ்.ஏ.இ. தரவிதி வந்த ஆண்டு. சாஃப்ட்வேர்காரங்களுக்குச் சொல்லணும்னா, அது பில்ட் தேதி இல்ல, ஸ்பெக் வெர்ஷன்.

அடுத்த சிக்கல், கார் எந்த வருஷம்? 1965 மாடலிலிருந்து சேஸிஸ் எண்ணின் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்க. 118ன்னு ஆரம்பிச்சா 1968 மாடல். பின் சீட்டைத் தூக்கினா நடுவில் பொறிச்சிருக்கும். வோக்ஸ்வாகனுக்கு மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும், அதனால 1967 அக்டோபரில் செஞ்ச காரும் 1968 மாடல்தான். இவ்வளவு பார்த்தும் கண்ணாடி பொருந்தாமப் போகலாம். ஏன்னா பீட்டிலோட மட்கார்டு போல்ட் போட்டது. ஐம்பது வருஷத்தில் யாராவது வேற வருஷத்து மட்கார்டை மாட்டியிருப்பாங்க. ஆர்.சி. புக்கை நம்பாதீங்க, மட்கார்டையும் விளக்குப் பெட்டியையும் பாருங்க. 1968 மாடலில் வந்த விளக்குக்குக் ‘கல்லறைக் கல்’னு செல்லப்பெயர்; உயரமா, தலை வளைஞ்சு இருக்கும். 1973 மாடலில் வந்தது பெருசா உருண்டையா ‘யானைக் கால்’.

மாட்டும்போது அவசரம் வேண்டாம். பழைய ரப்பர் கேஸ்கெட்டை மறுபடி போடாதீங்க, தண்ணி இறங்கினா உள்ளே ரிஃப்ளெக்டர் துருப்பிடிச்சுடும். ஸ்க்ரூவை மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. அழுத்தி முறுக்கினா புது பிளாஸ்டிக் அங்கேயே விரிசல் விடும். மூடுறதுக்கு முன்னாடி பல்பைப் பாருங்க. பிரேக்கும் டெயிலும் சேர்ந்த இரட்டை இழை பல்பில் இரண்டு பின்னும் வேற வேற உயரத்தில் இருக்கும், இழை மாறிடக்கூடாதுன்னுதான். வலுக்கட்டாயமாத் திணிச்சா, டெயில் லைட் பிரேக் அளவுக்கு எரியும், பிரேக் மிதிச்சா வித்தியாசமே தெரியாது. அமெரிக்க பீட்டிலில் 1966 மாடல் வரை 6 வோல்ட், அதுக்கப்புறம் 12. மங்கலா எரிஞ்சா, கண்ணாடியைத் திட்டுறதுக்கு முன்னாடி மட்கார்டு போல்ட்டில் எர்த்தைச் சுரண்டிப் பாருங்க. எல்.இ.டி. போடுறவங்க சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி.யே போடுங்க, வெள்ளை போட்டா வெளிறிய ரோஸ் கலர்தான் வரும்.

யானைக் காலுக்கு மட்டும் தட்டுப்பாடே இல்ல. மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் 2003 ஜூலை 30இல் கடைசி பீட்டில் வெளிவரும் வரைக்கும் அதே வடிவம்தான். பிரேசிலில் அது 1979இல்தான் வந்தது. அந்தக் காருக்கு அங்கே மக்கள் வச்ச பேர் ‘ஃபாஃபா’, பாடகி ஃபாஃபா டி பெலெம் நினைவா. ஏன்னு நீங்களே தேடிப் பார்த்துக்கோங்க, இது குடும்பத்தோட கேக்குற பாட்காஸ்ட்.