கடைசி இருக்கை

மன்னன் மாளிகை கட்டினான். மக்கள் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தனர். அது பழங்கதை. மக்களுக்கென்றே மாளிகை கட்டினர். சில்லறைக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவனை மன்னனைப்போல் வரவேற்றனர். இது இருபதாம் நூற்றாண்டின் கதை. அமெரிக்க நாட்டிலே 1920-க்குப் பின் வரிசை வரிசையாக எழுந்த படமாளிகைகளைத்தான் சொல்கிறோம்.

பளிங்குத் தூண்கள், பட்டுத் திரைகள், பொன்முலாம் பூசிய மேல்விதானம், காலடியிலே கம்பளம்! கண்டோர் வியந்தனர், கட்டியோர் செழித்தனர். நாமும் பாராட்டத்தான் போகிறோம். ஆனால், கொட்டகை பல கண்டு, படம் பல பார்த்துப் பழகிய நமக்கென்று ஓர் அளவுகோல் உண்டு. முகப்பைக் கண்டு நாம் மயங்குவதில்லை, தூண்களை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. மிக மலிவான, மிகத் தொலைவான கடைசி இருக்கையிலே சென்று அமர்கிறோம். அங்கிருந்து பார்த்தால் நடிகர் முகம் தெளிவாகத் தெரிகிறதா? பேச்சு காதிலே சரியாக விழுகிறதா? முன்னே இருப்பவர் தலை மறைக்காதிருக்கிறதா? அந்த இருக்கைக்குச் செல்லும் வழி, மானமுள்ள மனிதன் செல்லத்தக்க வழிதானா? இத்தனைக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால் அது நல்ல அரங்கு. கிடைக்காவிட்டால், பொன் வேய்ந்திருந்தாலும் அது குறையுள்ள அரங்கே.

இந்த அளவுகோலுடன் அந்த மாளிகைகளுக்குள் நுழைவோம்.

1927-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் நியூயார்க் நகரிலே 'ராக்சி' திறக்கப்பட்டது. இருக்கைகள் 5,920! அதற்கு வழிகாட்டியாக நின்றவர் சாமுவேல் ராதாஃபெல். பென்சில்வேனியாவிலே ஒரு மதுக்கடையின் பின்னறையில் படம் காட்டித் தொழிலைத் தொடங்கியவர். 'ராக்சி' என்பது அவருடைய செல்லப் பெயர்; அதுவே அரங்கின் பெயருமாயிற்று. படம் என்றால் சுருளை மாட்டிக் கருவியைச் சுழற்றுவது மட்டுமன்று; இசை, விளக்கு, திரை, வருவோரை வரவேற்கும் பணிவு, அத்தனையும் சேர்ந்ததே படக்காட்சி என்பது அவர் கொள்கை.

அந்த அரங்கிலே நாம் மெச்சுவது ஒன்று உண்டு. அது பளிங்கு அன்று. பெரிய அரங்குகளிலே படக்கருவி அறையை உச்சியில், பின்சுவரோடு அமைப்பதே வழக்கம். அங்கிருந்து ஒளி சரிந்து இறங்கும். சரிந்து விழும் ஒளி திரையின் மேற்பகுதியில் குறுகியும் கீழ்ப்பகுதியில் அகன்றும் படியும். செவ்வகமாக இருக்க வேண்டிய படம் கோணலாகும். மனித உருவம் திரிந்து தோன்றும். ராக்சியிலோ, கருவி அறையை மாடியின் முன்புறத்திலேயே பதித்துக் கட்டினர். ஒளி ஏறத்தாழ நேராகச் சென்றது. படம் கூர்மையாக விழுந்தது. அதனால் ஏற்பட்ட நன்மை முன்வரிசைப் பணக்காரருக்கு மட்டும் உரியதன்று; பின்வரிசை ஏழைக்கும் அதே தெளிவான படம் கிடைத்தது. கட்டடக் கலையிலே இது சமநீதி என்போம்.

கருவியின்மீது இத்தனை அக்கறை. ஒளி கோணக் கூடாது என்று இத்தனை கவலை. ஆனால் அதே நாட்டின் தென் மாநிலங்களிலே, மனிதரை நடத்திய முறையில் இருந்த கோணலை நிமிர்த்த எவருக்கேனும் கவலை இருந்ததா?

1929-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அட்லாண்டா நகரிலே 'ஃபாக்ஸ்' அரங்கு திறக்கப்பட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். மேலே பார்த்தால் விதானம் தெரியாது. நீல வானமும் மின்னும் விண்மீன்களும் தெரியும்படி அமைத்திருந்தனர். எல்லார்க்கும் பொதுவான வானத்தைக் கூரைக்குள்ளே கொண்டுவந்தவர்கள், எல்லார்க்கும் பொதுவான வாயிலை மட்டும் வைக்கவில்லை. கறுப்பின மக்களுக்குத் தனிச் சீட்டறை, தனிப் படிக்கட்டு, உச்சி மாடியிலே தனி இடம். காசு ஒன்றுதான், காட்சி ஒன்றுதான், ஆனால் நிறம் வேறு, எனவே படிக்கட்டும் வேறு!

நம் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கவேண்டும். அந்த உச்சி மாடியிலிருந்து திரை சிறிதாகத் தெரியும். கழுத்தை வளைத்துக் கீழ்நோக்கிப் பார்க்கவேண்டும். காட்சியின் தரம் குறைந்தது கட்டடக் கலைஞரின் பிழையால் அன்று. அந்தக் குறை இன்னாருக்கே உரியது என்று தீர்மானித்த சமூகத்தின் பிழையால்!

அதே அட்லாண்டாவிலே, 'லோஸ் கிராண்ட்' அரங்கில், 1939-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் 'கான் வித் த விண்ட்' படத்தின் முதற்காட்சி. நகரமே விழாக்கோலம் பூண்டது. அந்தப் படத்திலே நடித்த ஹாட்டி மெக்டேனியல் அம்மையார் மட்டும் அங்கில்லை. கறுப்பினத்தவர் என்பதால் அவர் வந்து கலந்துகொள்ள வழியில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் அதே நடிப்புக்காக ஆஸ்கர் பரிசு பெற்றார். அப்பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அந்த விழாவிலும் அவருக்குத் தனி மேசைதான்! திரையிலே உருவத்தை வரவேற்றவர்கள், உருவத்துக்கு உரியவரை வாயிலிலே நிறுத்தினர்.

இந்தக் கோணலை நிமிர்த்தியவர்கள் யார்? சீட்டு வாங்க வந்த இளைஞர்கள்! வட கரோலினாவின் டர்ஹாம் நகரிலே 1926-இல் திறக்கப்பட்டது 'கரோலினா' அரங்கு. 1962-இல் அதன் சீட்டுச் சாளரத்தின் முன் மாணவர்கள் வரிசையாக நின்றனர். ஒருவர் சீட்டுக் கேட்பார், மறுக்கப்படும். சண்டையில்லை, கூச்சலில்லை, அமைதியாகச் சென்று வரிசையின் கடைசியிலே நின்றுகொள்வார். அடுத்தவர் கேட்பார், மறுக்கப்படும். அவரும் கடைசிக்குப் போவார். முடிவே இல்லாத வரிசை! 1963-இல் அந்த அரங்கு எல்லார்க்கும் திறந்தது. அட்லாண்டாவின் ஃபாக்ஸ் அதற்கு முந்திய ஆண்டே திறந்திருந்தது. 1964 ஜூலை 2-இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், உணவு விடுதி, தங்கும் விடுதி ஆகியவற்றோடு படக்கொட்டகையையும் பெயர் சொல்லிக் குறித்து, வேற்றுமை கூடாது என்றது.

கதவு திறந்த வேளையிலே மாளிகைகள் சாய்ந்துகொண்டிருந்தன. 1948-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், படம் எடுப்போரே கொட்டகைகளையும் கைக்குள் வைத்திருந்த முறையை முறித்தது. வீட்டுக்குள்ளே தொலைக்காட்சி வந்தது. மக்கள் நகரை விட்டுப் புறநகர் சென்றனர். கூட்டத்தை இழுக்க அகலத்திரை வந்தது. சினிமாஸ்கோப்பின் முதற்படமான 'தி ரோப்' 1953 செப்டம்பரில் அதே ராக்சியிலேதான் காட்டப்பட்டது. அதுவும் காப்பாற்றவில்லை. 1960-இல் ராக்சி இடிக்கப்பட்டது. தப்பிய அரங்குகள் சிலவற்றை இரண்டாகவும் மூன்றாகவும் தடுத்தனர். திரையைப் பக்கவாட்டிலே பார்க்க வேண்டிய நிலை வந்தது. அடுத்த அறையின் ஓசை இந்த அறையிலே கேட்டது.

பிறகுதான் இழந்ததன் அருமை தெரிந்தது. 1970-களிலே ஃபாக்ஸை இடிக்கத் திட்டம் வந்தபோது அட்லாண்டா மக்கள் திரண்டு காத்தனர். கரோலினாவும் இன்று நிற்கிறது. அந்த வரிசைப் போராட்டத்தின் வரலாற்றையும் தன் சுவருக்குள்ளே எடுத்துக் காட்டுகிறது. ஹாலிவுட்டிலே 1927-இல் திறந்த 'சைனீஸ்' அரங்கு, 2013-இல் சுவரழகைக் காத்துக்கொண்டே, முன்னிருப்பவர் தலை மறைக்காதபடி இருக்கைகளைப் படிப்படியாக உயர்த்தி அமைத்தது. 1922-இல் திறந்த 'எகிப்தியன்' 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. பழைய படச்சுருள்களை ஓட்டும் கருவிகளும் அங்கே உண்டு.

பழமையைக் காப்பது பற்றி நம் கருத்து இதுதான். சுவரைக் காப்பாற்றிவிட்டு விளக்கை மங்கவிட்டால், காத்தது அரங்கன்று, கூடு. இன்றைய எண்முறைக் காட்சிக்குத் திரையின் நடுவே 14 ஃபுட்-லாம்பர்ட் ஒளி வேண்டும் என்று அளவு வகுத்திருக்கின்றனர். ஒளி குறைந்தால் இரவுக் காட்சி இருளாகிவிடும். பழைய படத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டிக் காட்டினால், நடிகருக்குத் தலையிராது, ஆடுவோருக்குக் காலிராது. வரலாற்றுச் சிறப்புடைய அரங்கு என்ற பெயர், இக்குறைகளை மன்னிக்கும் சீட்டன்று.

நம் நாட்டுக் கொட்டகைகளில் பளிங்கில்லை. கூடாரமும் மணல் தரையும் இருந்தன. ஒரே கருவி, சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசுக்கேற்ற வேற்றுமையும் இருந்தது. ஆயினும், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ்க் கூடிய முதற் கலையரங்கு திரைப்படக் கொட்டகையே என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். ஒருவேளை காசுள்ளவனுக்கு நாற்காலி கிடைத்தது. ஆனால் காசு கொடுத்தவனிடம் 'நீ யார்' என்று நாற்காலி கேட்கவில்லை. மணலில் அமர்ந்து பார்த்த அந்தக் கூட்டம், விண்மீன் விதானம் வேய்ந்த அட்லாண்டா மாளிகைக்குக் கிட்டாத ஒரு பெருமையைப் பெற்றிருந்தது.

ஆகவே, பழம்பெரும் அரங்கொன்றைப் புதுப்பிக்க எவரேனும் முன்வந்தால் நாம் வேண்டுவது பெரிதன்று. முதலில் மேலே ஏறிச்சென்று கடைசி வரிசையிலே அமருங்கள். விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டச் சொல்லுங்கள். முகம் தெரிகிறதா, சொல் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு, ஏறிவந்த படிக்கட்டையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பொன்முலாம் பூசும் வேலையை அதன்பின் தொடங்கலாம்.