புதுவீட்டுக்காரர்!

உங்கள் தெருவிலோ, அலுவலகத்திலோ, கூடப் படித்தவர்களிலோ ஒரு சேவியர் நிச்சயம் இருப்பார். அவர் இல்லாவிட்டால் ஒரு சவரிமுத்து. அவரும் இல்லாவிட்டால் ஒரு சவரியம்மாள். அடுத்த முறை பார்க்கும்போது, ‘ஏனுங்க, உங்க பேருக்கு என்னங்க அர்த்தம்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘புனிதர் ஒருத்தர் பேருங்க’ என்பார்.

சரிதான். ஆனால், அந்தப் புனிதருக்கு அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் அது இல்லை. அவர்கள் வைத்தது பிரான்சிஸ்கோ. ‘சேவியர்’ என்பது அவர்கள் குடியிருந்த வீட்டின் பெயர். இன்னும் பச்சையாகச் சொன்னால், ஒரு விலாசம்!

ஸ்பெயினின் வடக்கே, பிரான்ஸ் எல்லையை ஒட்டி நவார் என்று ஒரு சின்ன ராஜ்யம் இருந்தது. அங்கே பேசப்பட்ட பாஸ்க் மொழி, லத்தீன் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தது. அக்கம்பக்கத்து மொழிகள் எதனோடும் அதற்கு உறவு நிரூபிக்கப்படவில்லை. (‘தமிழுக்குச் சொந்தம்’ என்று முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. மொழியியல் அறிஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை!) அந்த மொழியில் ‘எச்சே’ என்றால் வீடு. ‘பெர்ரி’ என்றால் புதுசு. ‘எச்சேபெர்ரி’ என்றால் புதுவீடு, அவ்வளவுதான். யாரோ ஒருவர் எப்போதோ கட்டிய புது வீடு கோட்டையாக வளர்ந்தது. பெயர் தேய்ந்து தேய்ந்து ‘ஷவியேர்’ ஆனது.

புதுவீடு எந்த ஊரில்தான் இல்லை? அதனால் இதே வார்த்தையிலிருந்து பல குடும்பப் பெயர்கள் கிளம்பின. எச்செவெர்ரியா, எச்செவெர்ரி, சாவர்ரி எல்லாமே புதுவீட்டுக்காரர்கள்தான். 1970 முதல் 1976 வரை மெக்சிகோவின் ஜனாதிபதியாக இருந்த லூயிஸ் எச்செவெர்ரியா கூட அர்த்தப்படி நம்ம சவரிமுத்துவுக்குப் பங்காளி! எச்செவெர்ரியாக்கள் ஏராளமாகப் பெருகினார்கள். ‘ஷவியேர்’ மட்டும் குடும்பப் பெயராக ஸ்பெயினில் சொற்பமாகவே தங்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1506 ஏப்ரல் 7-ல் பிரான்சிஸ்கோ அந்தக் கோட்டையில் பிறந்தார். அப்பா யுவான் தெ ஹாஸோ, நவார் ராஜாவின் அரசவையில் பெரிய பதவி வகித்தவர். அப்படியானால் பிள்ளை ஹாஸோ என்றுதானே இருக்க வேண்டும்? அங்கேதான் சுவாரஸ்யம். கோட்டை அப்பாவுடையது அல்ல, அம்மா மரியா தெ அஸ்பில்குவெட்டாவின் சீதனம். அந்தக் காலத்து ஸ்பெயினில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். சொத்து எந்த வழியில் வந்ததோ, பெயரும் அந்த வழியில் வரும். அதனால் அண்ணன் ஒருவர் அஸ்பில்குவெட்டா. கடைக்குட்டி, ஷவியேர். ஆக, இன்று நம் ஊரில் உள்ள சேவியர்கள் அத்தனை பேரும் சுமப்பது ஒரு தாய் வழி வீட்டின் பெயரை!

பிரான்சிஸ்கோவுக்கு ஆறு வயதாகும்போது, 1512-ல், காஸ்டீல் ராஜ்யத்தின் படை நவாருக்குள் புகுந்தது. 1515-ல் அப்பா இறந்தார். நவாரை மீட்கக் கிளம்பியவர்கள் பக்கம் அண்ணன்மார் நின்றார்கள். முயற்சி தோற்றது. ‘இனி எவனும் தலைதூக்கக் கூடாது’ என்று நவார் கோட்டைகளை இடிக்க உத்தரவு வந்தது. 1516-ல் ஆட்கள் வந்து ஷவியேர் கோட்டையின் கோபுரங்களைத் தகர்த்தார்கள். மதிலை இடித்தார்கள். அகழியை மூடினார்கள். பத்து வயதுப் பையன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். (இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கிற கோட்டை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கித் திருப்பிக் கட்டப்பட்டது.)

வீடு போனது. பெயர் மட்டும் பையனோடு கிளம்பியது. பாரீசில் படித்து, 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அதே ஆண்டு நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தது. தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை கையில் மணியோடு நடந்தார் மனிதர். ஜெபங்களை உள்ளூர்க்காரர்கள் உதவியோடு தமிழில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு சொன்னார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து போவதாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். அப்புறம் மலாக்கா, ஜப்பான் என்று போய், 1552 டிசம்பர் 3-ல் சீனக் கடற்கரையை ஒட்டிய ஒரு தீவில் இறந்தார். 1622-ல் புனிதர் பட்டம். உலகத்தில் ஏற்கெனவே ஒரு பிரான்சிஸ் இருந்தார், அசிசி நகரத்துப் புனிதர். இவரைப் பிரித்துச் சொல்ல ‘ஷவியேர்’ தேவைப்பட்டது. பக்தர்கள் பிள்ளைகளுக்கு அதையே முதல் பெயராக வைக்கத் தொடங்கினார்கள். குடும்பப் பெயராகச் சொற்பமாக இருந்தது, சொந்தப் பெயராக லட்சக்கணக்கில் பெருகிவிட்டது. சற்று முன் விட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

இன்னொரு வேடிக்கை. ஸ்பானிஷ்காரர்கள் இன்று அதை ‘ஹவியேர்’ என்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அவர்கள் நாக்கில் ‘ஷ’ மெல்ல ‘ஹ’ ஆகிவிட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் ‘சேவியர்’ ஆக்கினார்கள். போர்த்துக்கீசியர் வாயிலிருந்து ‘ஷவியேர்’ என்று நேராகக் கேட்ட நம் கடற்கரை ஜனங்கள் சொன்னது ‘சவேரியார்’. பழைய உச்சரிப்புக்கு, ஸ்பெயினை விடக் கோட்டாறு பக்கம்!

தமிழ் சும்மா விடுமா? சவரியைப் பிடித்து முத்து சேர்த்தது, அப்பன் சேர்த்தது, ராயன் சேர்த்தது. பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு 1923-ல் அந்தப் பெயர் வந்தது. உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் 1964-ல் உருவாகக் காரணமாக இருந்த தனிநாயகம் அடிகள், இங்கிலீஷில் தன் பெயரை ‘சேவியர் எஸ். தனிநாயகம்’ என்றே எழுதினார். போர்ச்சுகல் வழியாகப் பிரேசில் போன சேவியர், அங்கே குடும்பப் பெயராகவே செழித்தது. 1792-ல் தூக்கில் தொங்கிய பிரேசிலின் விடுதலை வீரர் ‘திராதெந்தஸ்’ஸின் முழுப் பெயர் ஜோவாகிம் ஜோசே த சில்வா ஷவியேர்.

‘கொங்கு நாட்டுக்கு எப்படிங்க வந்துச்சு?’ என்று கேட்பீர்கள். சவேரியார் நடந்த பாதை கடலோரம். நொய்யல் பக்கம் இல்லை. அவருக்குப் பின் மதுரையிலிருந்து கிளம்பிய இயேசு சபையினர்தான் உள்நாட்டுக்கு வந்தார்கள். ராபர்ட் தெ நோபிலி 1623-ல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். 1886-ல் கோவை தனி மறைமாவட்டம் ஆனது. கருமத்தம்பட்டி, கோவை என்று ஊர் ஊராகச் சவரிமுத்துக்கள் பிறந்தார்கள்.

இது கிறிஸ்தவர்கள் சமாசாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அடுத்தவர் குடும்பப் பெயரைத் தூக்கி நம் பிள்ளைக்குச் சொந்தப் பெயராக வைப்பது தமிழர்களின் கைவந்த கலை. காந்தி, போஸ், கென்னடி, லிங்கன்... எல்லாம் குடும்பப் பெயர்கள். நேருவும் அப்படித்தான். காஷ்மீரத்து கௌல் குடும்பத்துக்கு டெல்லியில் கால்வாய்க் கரையில் ஒரு வீடு மானியமாகக் கிடைத்தது. கால்வாய்க்கு ‘நஹர்’ என்று பெயர். அதனால் ‘கௌல் நேரு’ ஆகி, பிறகு கௌல் உதிர்ந்தது என்று ஜவஹர்லாலே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அங்கே ஹாஸோ உதிர்ந்து புதுவீடு. இங்கே கௌல் உதிர்ந்து வாய்க்கால்கரை! நம் ஈரோட்டுப் பக்கமோ தலைகீழ். 13-ஆம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டியவர் காளிங்கராயன். மனிதன் பெயரை வாய்க்கால் சுமக்கிறது.

இப்போது உங்களைக் கேட்கிறேன். உங்கள் தாத்தாவை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள்?

கோவையிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கொஞ்ச காலம் முன்புவரை ஆளுக்கு இருந்த அடையாளம் தோட்டம்தான். பள்ளத்தோட்டத்தார், மேக்காலத் தோட்டத்தார், பெரியவீட்டுக்காரர், புதுச்சாளைக்காரர்... ராமசாமி என்று விசாரித்தால் ‘எந்த ராமசாமிங்க?’ என்பார்கள். தோட்டத்தைச் சொன்னால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். கோவை நாயுடு குடும்பங்களில் ‘இன்ட்டி பேரு’ என்று கேட்பார்கள். அதற்கும் வீட்டுப் பெயர் என்றே அர்த்தம். புதுச்சாளைக்காரரை பாஸ்க் மொழியில் பெயர்த்தால்? சேவியர்!

ஒரே ஒரு வித்தியாசம். அந்த வீட்டை இடித்தார்கள், பெயர் பிழைத்தது. இங்கே யாரும் படையெடுத்து வரவில்லை. தோட்டம் சைட் ஆனது. கிணறு மூடப்பட்டது. அந்த இடத்துக்கு ஏதோ ஒரு ‘கார்டன்’, ஏதோ ஒரு ‘அவென்யூ’ என்று போர்டு வந்தது. பள்ளத்தோட்டம் என்ற சொல் எந்தப் பத்திரத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பேரனுக்குத் தெரியாது. பாஸ்போர்ட் பாரத்தில் ‘சர்நேம்’ கட்டத்துக்கு முன்னால் அதே பேரன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் அப்பா பெயரை எழுதுகிறான்.

அப்பா பெயர் சேவியர் என்று வையுங்கள். மகன் அமெரிக்காவில் போய் இறங்கியதும் ‘மிஸ்டர் சேவியர்’ ஆகிவிடுவான். வீட்டுப் பெயராகப் பிறந்து, குடும்பப் பெயராகி, சொந்தப் பெயராகி, இனிஷியலாகச் சுருங்கி, ஐந்நூறு ஆண்டு கழித்து மறுபடியும் குடும்பப் பெயர்! இடிந்த வீட்டுக்கே இவ்வளவு ஆயுசு.

உங்கள் தோட்டத்துப் பெயரை, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு கேட்க வேண்டுமென்றால் ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்!