ஓடப் பழகிய கால்கள்: கமைஷி நகரின் கதை

பேரழிவிலிருந்து மீண்ட நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசு ஒதுக்கிய நிதியையும் பொறியாளர்கள் எழுப்பிய சுவர்களையும் கணக்கிட்டே எழுதுகின்றனர். விளையாட்டுக் குழுக்களுக்கு அவ்வரலாற்றில் அடிக்குறிப்பு அளவே இடம் கிடைக்கிறது. ஜப்பானின் வடகிழக்குக் கரையில், இவாத்தே மாநிலத்தில் உள்ள கமைஷி நகரின் கதையில் மட்டும் அவற்றை அடிக்குறிப்பில் அடக்கிவிட முடியாது.

கமைஷி இரும்பின் ஊர். ஜப்பானில் மேலைநாட்டு முறையிலான ஊதுலை முதன்முதலில் வெற்றிகரமாக இயங்கியது 1857இல், இவ்வூரின் மலைப்பகுதியில்தான். அந்த இரும்பாலையே ஊருக்குச் சோறு போட்டது. பகையையும் தேடித் தந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 ஜூலை 14 அன்று, நேச நாட்டுப் போர்க்கப்பல்கள் ஜப்பானியப் பெருநிலத்தின் மீது முதன்முறையாகக் குண்டு பொழிந்தபோது இலக்காயிருந்தது இந்நகரமே. போருக்குப்பின் எழுந்த ஆலையின் தொழிலாளர்கள் ரக்பி ஆடினர். அவர்களது குழு 1979 முதல் 1985 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் தேசிய வாகையர் பட்டத்தை வென்றது. 1989இல் கடைசி ஊதுலையும் அணைந்தது. ஆலைக்குழு 2001இல் நகர மக்களின் குழுவாகி, கமைஷி சீவேவ்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆலை சுருங்கியபின் ஊர் தன்னுடையது என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல எஞ்சியிருந்தவற்றுள் அக்குழுவும் ஒன்று.

இரும்பைவிட இவ்வூரோடு பழைய உறவு கொண்டது கடல். ‘சுனாமி’ என்பது 2004 டிசம்பர் 26க்குப் பின் நம் கடற்கரைகளில் எவருக்கும் பொருள் சொல்ல வேண்டாத சொல். அச்சொல்லைத் தந்த நாட்டிலேயே அதனை மிகுதியாக அறிந்த கரை, கமைஷி அமைந்துள்ள சன்ரிகுக் கரை. 1896 ஜூன் 15 அன்று வந்த ஆழிப்பேரலை அக்கரை நெடுகிலும் ஏறத்தாழ 22,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1933இலும் 1960இலும் கடல் மீண்டும் வந்தது. அந்த அனுபவத்தின் சாரமாக அங்கே ஒரு வழக்கு உண்டு: ‘தென்தென்கோ’. அலை வந்தால் அவரவர் தனித்தனியே ஓடுக, எவருக்காகவும் நிற்காதே என்பது அதன் பொருள். கேட்பதற்குக் கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆயினும் அதனுள்ளே ஒரு நம்பிக்கை உள்ளது. என் தாயும் ஓடிக்கொண்டிருப்பாள், என் மகனும் ஓடிக்கொண்டிருப்பான் என்று ஒவ்வொருவரும் நம்பினால்தான் எவரும் எவரையும் தேடித் திரும்பாமல் ஓட முடியும்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. நகரின் வடக்கே உனோசுமாய் பகுதியில், கமைஷி கிழக்கு நடுநிலைப்பள்ளியும் உனோசுமாய் தொடக்கப்பள்ளியும் அருகருகே இருந்தன. அரசின் அபாய வரைபடத்தில் அவ்விரு பள்ளிகளும் அலை எட்டாத இடங்களாகவே குறிக்கப்பட்டிருந்தன. நிலம் நடுங்கி மின்சாரம் அறுந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்ய இயலவில்லை. மைதானத்தில் இருந்த கால்பந்துக் குழுவின் சிறுவர்கள் எவருடைய ஆணைக்கும் காத்திராமல், “சுனாமி வருகிறது, ஓடுங்கள்” என்று கத்தியவாறே ஓடத் தொடங்கினர். தொடக்கப்பள்ளியின் சிறுவர்கள் அப்போது கட்டடத்தின் மேல்தளத்திற்கு ஏறியிருந்தனர். பெரிய மாணவர்கள் ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கி உடன் ஓடினர். முன்பே குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்தபோது அதன் பின்னேயுள்ள மலைச்சரிவு இடிந்து விழுந்துகொண்டிருந்தது. அங்கும் நில்லாமல், பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பற்றிக்கொள்ள, மேலும் உயரத்திற்கு நகர்ந்தனர். பின்னர் அங்கிருந்தும் ஏறினர். கடல் இரு பள்ளிகளையும் விழுங்கியது. ஓடிய ஏறத்தாழ 570 மாணவர்களும் பிழைத்தனர்.

உலகம் இதனை ‘கமைஷி அற்புதம்’ என்று கொண்டாடியது. அந்நகரமோ சில ஆண்டுகளிலேயே அச்சொல்லை விலக்கி, ‘கமைஷி நிகழ்வு’ என்று மட்டும் குறிப்பிடலாயிற்று. அந்தத் தன்னடக்கத்திற்குக் காரணங்கள் உண்டு. நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பள்ளியின் பொறுப்பில் அப்போது இல்லாத ஐந்து மாணவர்களும் அவர்களுள் அடங்குவர். தம் பிள்ளையை இழந்த பெற்றோரின் முன் ‘அற்புதம்’ என்ற சொல் எப்படி ஒலிக்கும்?

மற்றொரு காரணம் இன்னும் கசப்பானது. அதே உனோசுமாயில் பேரிடர் தடுப்பு மையம் என்ற பெயருடைய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அது சுனாமிக்கான புகலிடம் அன்று. எனினும் உயரமான இடம் தொலைவு, ஏறுவது முதியோர்க்குக் கடினம் என்பதனால் ஊரார் தப்பித்தல் ஒத்திகையை அங்கேயே நடத்தி வந்தனர். மார்ச் 11 அன்று அவர்களது கால்கள் ஒத்திகையில் பழகிய வழியிலேயே சென்றன. அங்கே இறந்தோர் 160க்கும் மேற்பட்டவர் என்று மதிப்பிடப்படுகிறது.

நாம் நின்று எண்ண வேண்டிய இடம் இதுவே. சிறுவர்களும் பழகியதையே செய்தனர். ஊராரும் பழகியதையே செய்தனர். சிறுவர்களுக்குச் சில ஆண்டுகளாகப் பேரிடர் ஆய்வாளர் கதாதா தொஷிதகா வகுத்த கல்வி புகட்டப்பட்டிருந்தது. அதன் விதிகள் மூன்று: வரைபடத்தை நம்பாதே; அந்நேரத்தில் இயன்ற அனைத்தையும் செய்; முதலில் ஓடுபவனாக இரு. மூன்றாவது விதியே கடினமானது. முதலில் ஓடுபவன் கேலிக்கு ஆளாகலாம். ஆனால் ஒருவன் ஓடினால்தான் பிறரும் ஓடுவர். நாள்தோறும் ஒன்றாக ஓடிப் பழகிய ஒரு குழுவுக்கு அந்த முதல் அடியை எடுத்துவைப்பது சற்றே எளிதாயிருந்திருக்கும் என்பது நம் துணிபு.

பெரியவர்களின் குழுவும் வாளாவிருக்கவில்லை. சீவேவ்ஸ் வீரர்கள் நிவாரணப் பொருள்களை இறக்கினர். நடக்க இயலாத முதியோரைத் தூக்கிச் சென்றனர். அக்குழுவில் ஆடிவந்த ஆஸ்திரேலியரான ஸ்காட் ஃபார்டி, ஊரைவிட்டு வெளியேறும் வாய்ப்பு இருந்தும் தங்கி உழைத்தார். பின்னாளில், 2015 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் தம் நாட்டுக்காகக் களமிறங்கினார். சில வாரங்களுக்குப் பின், ‘நீங்கள் மூட்டை தூக்கியது போதும், போய் ரக்பி ஆடுங்கள்’ என்று ஊராரே அவர்களை மைதானத்திற்கு அனுப்பி வைத்தனர்.

2015இல், 2019 ரக்பி உலகக் கோப்பையை நடத்தும் பன்னிரண்டு இடங்களுள் ஒன்றாகக் கமைஷி தேர்வு பெற்றது. மக்கள் பலர் இன்னும் தற்காலிகக் குடியிருப்புகளில் வாழ்கையில் விளையாட்டரங்கு எதற்கு என்ற கேள்வி அவ்வூரிலேயே எழுந்தது. அது நியாயமான கேள்வி. அரங்கு எழுந்த இடமே அதற்கு ஒரு பகுதி விடை. அவ்விரு பள்ளிகளும் நின்ற நிலத்தில்தான் 2018இல் அது திறக்கப்பட்டது. 2019 செப்டம்பர் 25 அன்று அங்கே உருகுவே அணி ஃபிஜியை 30–27 என்று வென்றது. பார்த்தோர் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

அடுத்த ஆட்டம் அக்டோபர் 13 அன்று நடந்திருக்க வேண்டும். ஹகிபிஸ் சூறாவளி வந்தது. பழைய கமைஷி எப்படியாவது ஆடியிருக்குமோ என்னவோ, 2011க்குப் பிந்தைய கமைஷியில் ஆட்டம் கைவிடப்பட்டது. ஆட வந்திருந்த கனடா அணியின் வீரர்கள் மண்வாரியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, வீடுகளின் முன் படிந்த சேற்றை அள்ளினர்.

ரக்பியில் பந்தை முன்னால் இருப்பவனுக்குக் கையால் எறிதல் கூடாது. ஏந்தியவன் முன்னே ஓட வேண்டும்; பின்னால் துணைவர்கள் வருகிறார்கள் என்று திரும்பிப் பாராமலே நம்ப வேண்டும். தென்தென்கோ என்னும் பழைய வழக்கு சொல்வதும் அதுவே. கமைஷி கடலுக்கு முன் கற்றதையும் களத்தில் கற்றதையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்க்க நம்மால் இயலவில்லை. அற்புதங்களுக்குக் காத்திருக்கும் ஊர்களுக்கு அது விட்டுச்செல்லும் வினா ஒன்றே: நம் கால்கள் எந்த வழியில் ஓடப் பழகியிருக்கின்றன?