சங்கராபரணி ஆறு: அணைகளும் நீர்வரத்தும்

சங்கராபரணி, விழுப்புரம் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் பாயும் ஆறு. செஞ்சியாறு, வராக நதி என்றும் வழங்கும். செஞ்சி வட்டாரக் குன்றுகளில் தோன்றி வீடூர், திருவக்கரை, திருக்காஞ்சி, வில்லியனூர் வழியே வந்து, அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிந்து வங்கக் கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஆறு என்பதால் ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். வீடூர் அணைக்குக் கீழே குறைந்த நீர்வரத்தை மீட்கும் முயற்சி துண்டுதுண்டாக நடந்துவருகிறது.

பழங்காலம்

ஆற்றின் வரலாற்றில் மிகுதியாக ஆராயப்பட்டது அதன் முகத்துவாரம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டின் செங்கற்சிதைவுகளை 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்தீல் குறிப்பிட்டார். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண அவர் புதுச்சேரிக்கு வந்திருந்தார். மேகம் மறைத்ததால் அந்தக் காட்சி கிட்டவில்லை. 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழ்ந்து, ரோமானிய மட்கலங்கள், மதுச்சாடித் துண்டுகள், பண்டகசாலை எனக் கருதப்படும் கட்டடம், வடிகாலுடன் கூடிய செங்கல் தொட்டிகள் ஆகியவற்றை வெளிக்கொணர்ந்தார். தொட்டிகள் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டன என்பது அவர் கருத்து. இவ்வூர் ரோமானிய வணிகத்தால் எழுந்தது என்று வீலர் கொண்டார். 1989 முதல் 1992 வரை அகழ்ந்த விமலா பெக்லி, குடியிருப்பு அதற்கும் முந்தியது என்றார். பழைய கிரேக்க நூல் ஒன்று கூறும் பொதுகே துறைமுகம் இதுவே என்பது பலர் ஏற்கும் கருத்து. கரையை ஆறு அரித்ததில் அகழ்விடத்தின் ஒரு பகுதி அழிந்துவிட்டது.

ஏரிகளும் பிரெஞ்சு ஆட்சியும்

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே வருவது போல, ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே வருகிறது. ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புள்ள ஊசுட்டேரி தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக விரிந்துள்ளது. அதை வெட்டியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசு நகரின் குடிநீருக்கு ஆற்றை நாடாமல் முத்திரையர்பாளையத்து ஊற்றுநீரைக் கொண்டுவந்தது. அதன் நினைவாக எழுந்தது ஆயி மண்டபம்.

வீடூர் அணை

வராக நதியும் தொண்டியாறும் கூடும் இடத்தில் வீடூர் அணை 1958-59-இல் கட்டப்பட்டது. உயரம் 32 அடி. கொள்ளளவு 605 மில்லியன் கனஅடி. பாசனப் பரப்பு தமிழ்நாட்டில் 2,200 ஏக்கர், புதுச்சேரியில் 1,000 ஏக்கர். புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ஆம் நாளே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படியான இணைப்போ 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள்தான் நிறைவேறியது. ஆக, பிரான்சின் சட்ட உரிமை நீங்காத ஒரு நிலப்பகுதியின் வயல்களுக்கும் சேர்த்து நீர் தேக்கும் அணையாக அது எழுந்தது. அணை நிரம்பினால் கீழே வெள்ளம், நிரம்பாவிட்டால் வெறும் மணல் என்ற நிலை அதன்பின் வலுத்தது. வரத்துக் குறைவுக்கு அணையை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது என்போர், மணல் அள்ளியதால் ஆற்றுப்படுகை தாழ்ந்ததையும், ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதையும், வாய்க்கால்கள் தூர்ந்ததையும் சுட்டுகின்றனர்.

மீட்பு முயற்சிகள்

பிள்ளையார்குப்பம், செட்டிப்பட்டு முதலிய இடங்களில் உள்ள படுகை அணைகளே புதுச்சேரிப் பகுதியில் ஆற்றுக்குத் துணை. இவை நீர்மட்டத்தை உயர்த்தி, நிலத்தடிக்கு நீரை இறக்குகின்றன. கடல்நீர் உட்புகுவதைத் தடுக்க இது இன்றியமையாதது. இங்கும் கருத்து ஒன்றுபடவில்லை: தேக்கிய நீர் ஆற்றை வாழவைக்கிறது என்பது ஒரு தரப்பு, ஓட்டத்தை மேலும் நறுக்குகிறது என்பது மறுதரப்பு. 1990-களின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம் புதுச்சேரியின் 84 ஏரிகளைக் கருத்தில் கொண்டது; கரை, மதகு, வரத்து வாய்க்கால் ஆகியவை சீரமைக்கப்பட்டு, உழவர் சங்கங்களும் அமைந்தன. 2008-இல் ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி பறவைகள் சரணாலயமானது.

அண்மைக் காலம்

2018-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசடைந்த ஆற்றுப்பகுதிகள் பட்டியலில் சுண்ணாம்பாறு இடம்பெற்றது. ஆறுகளை மீட்கக் குழு அமைக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநிலங்களைப் பணித்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலால் ஒரே நாளில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்ட, ஆறு பெருக்கெடுத்தது.

வெள்ள நாளின் பெருக்கு நீரோட்டம் மீண்டதற்குச் சான்றாகாது. பருவமழை ஓய்ந்தபின் வாய்க்கால் தலைப்பில் எத்தனை நாள் நீர் நிற்கிறது என்பதே உரிய அளவுகோல். அதன்படி பார்த்தால், இரு அரசுகளும் மேலே உள்ள வீடூர் அணையையும் கீழ்ப் படுகை அணைகளையும் ஒரே ஆறாகக் கருதி நீர் திறக்கும்வரை மீட்புப் பணி நிறைவுறாது.